பணியிடத் தீப் பாதுகாப்பும் அவசரகால நடைமுறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், தொழிற்சாலை, கிடங்கு, கடை, மருத்துவமனை என எங்கு வேலை செய்பவருக்கும் பயன்படும் வகையில் இந்தப் பக்கம் தொகுக்கப்பட்டுள்ளது. பணியாளர்களும் மேலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளே இங்கே இடம்பெற்றுள்ளன. சட்ட விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், உங்கள் ஊருக்கு உரிய விதிகளைத் தீயணைப்புத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீயும் புகையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கீழே உள்ள விடைகள் அதைப் பற்றியவை.

அபாயமணி ஒலித்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, மிக அருகில் உள்ள வெளியேறும் வழியில் உடனே கிளம்ப வேண்டும். ஓடாமல் விரைந்து நடக்க வேண்டும். கணினியை அணைப்பது, கோப்பைச் சேமிப்பது, பையைத் தேடுவது, உடன் பணியாற்றும் நண்பருக்காக இருக்கையிலேயே காத்திருப்பது ஆகிய எதற்கும் நேரம் ஒதுக்கக் கூடாது. இயந்திரம் இயக்குபவர்கள், நின்ற இடத்திலிருந்தே அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்த முடியுமானால் அழுத்திவிட்டுச் செல்லலாம். வழியில் மூடிய கதவு எதிர்ப்பட்டால், புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். சூடாக இருந்தால் அதைத் திறக்காமல் மாற்று வழிக்குத் திரும்பிவிட வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் மணி அடிக்கடி தவறாக ஒலிக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளியேறத்தான் வேண்டுமா?

ஆம், ஒவ்வொரு முறையும் வெளியேற வேண்டும். தீ விபத்துகளில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் தொடர்ந்து கண்ட ஒரு செய்தி உண்டு. மணி ஒலித்ததும் பெரும்பாலோர் பதறி ஓடுவதில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, பொருள்களை எடுத்து வைத்து, மேலதிகாரியின் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். உயிர் தப்பத் தேவையான நேரத்தில் பெரும்பகுதி இந்தத் தயக்கத்திலேயே கரைந்துவிடுகிறது.

2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவின் புறநகரில் இருந்த தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, குறைந்தது 112 பேர் இறந்தார்கள். மணி ஒலித்த பிறகும் பணியாளர்களை வெளியேற விடாமல் மேற்பார்வையாளர்கள் இருக்கைகளுக்குத் திருப்பி அனுப்பியதாகப் பிற்பாடு நடந்த விசாரணையில் தெரியவந்தது. ‘இது தவறான மணிதான்’ என்று சொல்லும் அதிகாரம், தீ இல்லை என்று நேரில் சரிபார்த்து உறுதிசெய்தவரைத் தவிர வேறு யாருக்கும் இருக்கக் கூடாது. அப்படிச் சரிபார்க்கும் நேரத்தில் மற்ற அனைவரும் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

மணி அடிக்கடி தவறாக ஒலிப்பதே சரிசெய்யப்பட வேண்டிய ஒரு கோளாறுதான். உணரியில் தூசு படிந்திருக்கலாம். சமையலறைக்கோ குளியலறைக்கோ மிக அருகில் பொருத்தப்பட்டிருக்கலாம். காரணத்தைக் கண்டறிந்து நீக்க வேண்டுமே ஒழிய, மணியின் இணைப்பைத் துண்டித்து வைப்பது பெருங்குற்றம்.

தீயை முதலில் பார்ப்பவர் நானாக இருந்தால்?

முதலில் உரத்த குரலில் அருகில் இருப்பவர்களை எச்சரித்து, சுவரில் உள்ள எச்சரிக்கைப் பெட்டியை இயக்குங்கள். அந்த அறையில் எவரும் இல்லை என்று தெரிந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். சாத்திய கதவு ஒன்றே தீயையும் புகையையும் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு தீயணைப்பு நிலையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். முகவரி, அடையாளம், எந்தத் தளம், என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்ற விவரங்களைச் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் முடித்துக்கொள்ளும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். ‘யாராவது அழைத்திருப்பார்கள்’ என்று எண்ணி எல்லோரும் சும்மா இருந்துவிட்ட நிகழ்வுகள் உண்டு. ஒரே தீயைப் பற்றி இருவர் அழைப்பதால் எந்தக் கேடும் இல்லை.

நானே தீயை அணைக்க முயலலாமா?

ஐந்து நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால் மட்டும் முயலலாம். மணி ஏற்கெனவே ஒலிக்கச் செய்யப்பட்டிருக்க வேண்டும். தீ, ஒரு குப்பைக்கூடை அளவைத் தாண்டாததாக இருக்க வேண்டும். வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கையில் உள்ள தீயணைப்பான் அந்தத் தீக்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். அதை இயக்க நீங்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிட்டு வெளியேறுவதே சரியான முடிவு. அதற்காக எவரும் உங்களைக் குறைசொல்ல இடமில்லை.

கையில் தூக்கக்கூடிய சிறிய தீயணைப்பான் பெரும்பாலும் பத்து முதல் இருபது விநாடிகளுக்குள் தீர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கருவி தீர்ந்தும் தீ அடங்கவில்லை என்றால், இரண்டாவதைத் தேடிப் போகாமல் வெளியேறிவிடுங்கள். மெத்தை இருக்கைகளும் நெகிழிப் பொருள்களும் நிறைந்த அறையில், தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே தீ அறை முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலையை எட்டிவிடும். அப்போது கூரையடி வெப்பம் 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த நிலையில் அறைக்குள் இருப்பவர் பிழைப்பது அரிது.

எந்தத் தீக்கு எந்தக் கருவி?

மரம், காகிதம், துணி போன்ற திடப்பொருள்கள் எரிந்தால் தண்ணீர் வகை போதும். பெட்ரோல், தின்னர், பெயின்ட் போன்ற திரவங்களுக்கு ஃபோம், உலர் பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு பயன்படும். மின் சாதனம் எரிந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்க முடியாதபோது கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பொடி. சோடியம், மெக்னீசியம் போன்ற உலோகங்களுக்கு அதற்கெனவே தயாரிக்கப்பட்ட தனிப் பொடி தேவை. அவற்றின் மீது தண்ணீர் படவே கூடாது.

எரியும் சமையல் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணியிட உணவகங்களில் மிகக் கொடிய தீப்புண்கள் இதனால்தான் நேர்கின்றன. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால், அது அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைந்து, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியாலோ தீப்போர்வையாலோ மூடிவிட்டு, முழுவதும் ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். பெரிய எண்ணெய்க் கொப்பரைகள் உள்ள சமையலறையில் ஈர வேதிப்பொருள் வகைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

கருவியின் மேல் உள்ள வகை எழுத்துகளை நம்பும்போது ஒரு கவனம் தேவை. ‘சி’ என்ற எழுத்து பல நாடுகளில் எரிவாயுத் தீயைக் குறிக்கும். அமெரிக்க முறையில் அதே எழுத்து மின்சாரத் தீயைக் குறிக்கும். ஆகவே எழுத்தோடு படத்தையும் விளக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

தீயணைப்பானை இயக்குவது எப்படி?

பூட்டு ஊசியை இழுத்து எடுத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தியபடி இடமும் வலமுமாக வீச வேண்டும். கொழுந்தின் உச்சியில் அடித்தால் பயனில்லை. கார்பன் டை ஆக்சைடு கருவியின் கூம்பைக் கையால் பிடிக்காதீர்கள். அது உறைந்து தோலைப் புண்ணாக்கும். சிறிய மூடிய அறையில் அந்த வாயு மூச்சுத்திணறலையும் உண்டாக்கும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு கருவிகளில் பொதுவாக அழுத்தமானி இருக்காது. அவற்றை எடைபோட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

தீயைவிடப் புகை ஆபத்தானது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கட்டடத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் புகையை மூச்சில் இழுத்தே இறக்கிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. நுரைப்பஞ்சு மெத்தை, நைலான், கம்பளி ஆகியவை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வெளியாகிறது. இவை மூளையை முதலில் தாக்குவதால், கதவுக்கு இரண்டடி தொலைவில் நிற்பவருக்குக்கூடக் கதவு எங்கே என்ற தெளிவு போய்விடும். புகை கூரையிலிருந்து கீழ்நோக்கி இறங்குவதால் தரைக்கு அருகில் உள்ள காற்றே சற்றுத் தெளிவாக இருக்கும். குனிந்தோ, தவழ்ந்தோ, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி நகருங்கள். ஈரத்துணி கரித்துகள்களை ஓரளவு தடுக்கும். நச்சு வாயுக்களைத் தடுக்காது. ஆகவே அதை நம்பிப் புகைக்குள் நுழையக் கூடாது.

லிஃப்டில் இறங்கினால் விரைவாகப் போய்விடலாமே?

கூடாது. மின்சாரம் நின்றால் நடுவில் சிக்கிக்கொள்வீர்கள்; லிஃப்ட் ஓடும் கூண்டு புகை மேலெழும் வழியாகிவிடும்; தீப்பிடித்த தளத்திலேயே கதவு திறந்துகொள்ளவும் கூடும். தீக்காலத்தில் பயன்படுத்துவதற்கென்றே தனி மின்வசதியோடும் புகைத் தடுப்போடும் கட்டப்பட்ட லிஃப்ட்கள் சில கட்டடங்களில் உண்டு. அவற்றைப் பயிற்சி பெற்றவர்களும் தீயணைப்பு வீரர்களும் மட்டுமே இயக்க வேண்டும்.

திருட்டைத் தடுக்க அவசர வழியைப் பூட்டி வைக்கலாமா?

உள்ளே ஒரே ஒருவர் இருந்தாலும் பூட்டக் கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை விடைகளிலும் நிர்வாகத்தினர் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பார்கள் என்றால், அது இதுவாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் பிடித்த தீயில் 146 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பணியாளர்கள் துணியைத் திருடிச் செல்வார்கள் என்ற ஐயத்தால் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்புத் துறையின் ஏணி, தொழிற்சாலை இயங்கிய மேல் தளங்களை எட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் அடியோடு மாற்றி எழுதப்பட்டன. ஆனால் நூறு ஆண்டுகள் கழித்தும் அதே பூட்டு அதே காரணத்துக்காகத் தொங்கியது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே சன்னல்களுக்குக் கம்பிகள். வெளியேறும் வழிகளில் பெரும்பாலானவை அடைப்பு. அந்தத் தொழிற்சாலை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பணியிடத் தரத்துக்கான பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றிருந்தது. சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழைக் காட்டிலும், இன்று காலை அந்தக் கதவை நீங்களே தள்ளிப் பார்த்ததற்கு மதிப்பு அதிகம் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

திருட்டைத் தடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து திறக்க முடியாததாகவும், உள்ளிருந்து தள்ளினால் சாவியின்றி உடனே திறப்பதாகவும் உள்ள தள்ளுகம்பிக் கதவுகள் நெடுங்காலமாகக் கிடைக்கின்றன. திறந்தவுடன் ஒலி எழுப்பும் கருவியையும் அவற்றில் சேர்க்கலாம். கண்காணிப்புக் கேமராவும் பொருத்தலாம். அடையாள அட்டையைக் காட்டித் திறக்கும் மின்பூட்டு இருந்தால், மணி ஒலித்ததும் அது தானாகவே விடுபடும்படி இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சோதியுங்கள். பலர் பயன்படுத்தும் வழிகளில் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். கூட்டம் நெருக்கும்போது உள்நோக்கித் திறக்கும் கதவை எவராலும் இழுக்க முடியாது. அவசர வழியில் அட்டைப்பெட்டிகள், பழைய நாற்காலிகள், சரக்கு ஆகியவற்றை ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்று வைப்பதும் பூட்டுவதற்கு இணையானதே.

தீத்தடுப்புக் கதவைக் கட்டை வைத்துத் திறந்து வைப்பதில் என்ன தவறு?

அந்தக் கதவு 30, 60 அல்லது 120 நிமிடங்கள் தீயைத் தாங்கும்படி செய்யப்பட்டது. திறந்தே கிடந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. படிக்கட்டுக்குள் புகை புகுந்தால் மேல் தளங்களில் உள்ள அனைவருக்கும் வழி அடைந்துவிடும். நடமாட்டம் அதிகமாக இருந்து கதவு திறந்திருப்பது தேவை என்றால், மணி ஒலித்ததும் விடுவிக்கும் மின்காந்தப் பிடிப்பைப் பொருத்த வேண்டும்.

வெளியேற முடியாமல் அறைக்குள் சிக்கிக்கொண்டால்?

கதவைச் சாத்தி, அடியிலும் இடுக்குகளிலும் துணியை, முடிந்தால் நனைத்து, அடையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வெளியில் இருப்பவருக்கோ எந்தத் தளத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று தொலைபேசியில் தெரிவியுங்கள். சன்னல் அருகே நின்று வெளிர்நிறத் துணியை அசையுங்கள். சன்னல் கண்ணாடியை உடைக்காதீர்கள். கீழிருந்து புகை எழுந்து வந்தால் மீண்டும் மூட முடியாமல் போகும்.

மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வயது முதிர்ந்தோர் ஆகியோருக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம், அவர்களையே அருகில் அமர்த்திப் பேசி, எழுத்தில் தயாரிக்கப்பட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் படிக்கட்டை ஒட்டித் தீத்தடுப்புச் சுவர் சூழ்ந்த காத்திருப்பிடமும், படியில் இறக்கும் நாற்காலியும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற இருவரும் தேவை. அந்த இருவரும் விடுப்பில் இருக்கும் நாளுக்கு மாற்று ஆட்களும் தேவை. செவித்திறன் குறைந்தவருக்கு ஒளிரும் விளக்கோ அதிரும் கருவியோ வேண்டும். குறிப்பாகக் கழிவறையிலும் ஓய்வறையிலும் அது இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே அவருக்குச் சைகை காட்ட எவரும் இருக்க மாட்டார்கள். காலில் அடிபட்டுச் சில வாரங்கள் ஊன்றுகோலோடு வருபவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க மறவாதீர்கள்.

ஒன்றுகூடும் இடத்தில் என்ன நடக்க வேண்டும்?

ஆள் கணக்கு எடுக்கப்பட வேண்டும். அன்றைய வருகைப்பதிவும் பார்வையாளர் பதிவேடும் ஒப்பந்தப் பணியாளர் பட்டியலும் தளப் பொறுப்பாளர் கைக்கு வர வேண்டும். ஒருவர் குறைந்தால், அந்தத் தகவலை வந்துசேரும் தீயணைப்பு அதிகாரியிடம் உடனே சொல்ல வேண்டும். தேடிக்கொண்டு எவரும் உள்ளே போகக் கூடாது. எல்லோரும் பத்திரமாக வெளியே இருக்கும்போது கணக்குத் தவறினால், இல்லாத ஒருவரைத் தேடித் தீயணைப்பு வீரர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைப்பார்கள். இதனால்தான் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது கூடாது. ஒன்றுகூடும் இடம், கண்ணாடி உடைந்து விழும் தொலைவுக்கு அப்பாலும், தீயணைப்பு வண்டிகள் வரும் பாதைக்கு விலகியும் இருக்க வேண்டும்.

சிகரெட் புகைக்குக்கூட ஸ்பிரிங்க்ளர் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீர் கொட்டுமா?

கொட்டாது. வழக்கமான ஸ்பிரிங்க்ளர் புகைக்குத் திறப்பதில்லை, வெப்பத்துக்கு மட்டுமே திறக்கும். சிவப்புத் திரவம் கொண்ட கண்ணாடிக் குமிழ் சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடையும். எந்தக் குமிழ் சூடாகிறதோ அது மட்டுமே தண்ணீரைப் பீய்ச்சும். தண்ணீர் தடையின்றிப் பரவுவதற்காக, அதன் கீழே சரக்கைக் கூரைவரை அடுக்காமல் போதிய இடைவெளி விட வேண்டும்.

பணியிடத் தீ பெரும்பாலும் எங்கிருந்து தொடங்குகிறது?

மின்சாரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஹீட்டரும் கெட்டிலும் பிரிண்டரும் சேர்வது, தளர்ந்த இணைப்பு, தரை விரிப்பின் கீழே நசுங்கிய வயர் ஆகியவை மெல்ல மெல்லச் சூடாகி, எவரும் இல்லாத இரவில் பற்றிக்கொள்ளும். மின்சார வண்டி, லேப்டாப், கையடக்க இயந்திரம் ஆகியவற்றில் உள்ள லித்தியம் அயனி பேட்டரி இன்று பெருகிவரும் காரணம். உப்பிய, அடிபட்ட, அல்லது வேறு சார்ஜரில் ஏற்றப்படும் பேட்டரி, தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டால் சாதாரணக் கருவிகளால் அதை அடக்குவது கடினம். நச்சு வாயுவைக் கக்கும். அணைந்த பின்னும் மீண்டும் பற்றும். அதை அணைக்க முயலாமல் வெளியேறுங்கள். மின்சார வண்டிகளைப் படிக்கட்டின் அடியிலும் வெளியேறும் வழியிலும் சார்ஜ் செய்ய அனுமதிக்காதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால், தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றும். அதை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட வேண்டும். மாவு, சர்க்கரை, மரத்தூள் ஆகியவற்றின் நுண்தூசு காற்றில் பரவி வெடிக்கக் கூடியது. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சர்க்கரை ஆலை ஒன்றில் அப்படி வெடித்ததில் 14 பேர் இறந்தார்கள்.

வெல்டிங், கட்டிங் போன்ற வேலைகளுக்குத் தனி அனுமதி தேவையா?

தேவை. எழுத்தில், அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் மட்டும் செல்லுபடியாகும் அனுமதிச்சீட்டு இருக்க வேண்டும். பொறி தெறிக்கக்கூடிய சுமார் 11 மீட்டர் தொலைவுவரை எல்லாப் பக்கமும் எரியக்கூடியவற்றை அகற்ற வேண்டும், அல்லது தீப்பற்றாத விரிப்பால் மூட வேண்டும். தீயணைப்பானோடு ஒருவர் உடனிருக்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் அவர் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே கண்காணிக்க வேண்டும், ஏனென்றால் சுவர் இடுக்கில் விழுந்த பொறி நெடுநேரம் புகைந்து பிறகே எரியும்.

அனுமதிச்சீட்டு அடுத்த ஷிஃப்டினருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நடந்ததைவிடத் துயரமான சான்று இல்லை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அந்தத் தகவல் இரவுப் பணியினரைச் சென்றடையவில்லை. அவர்கள் பம்பை இயக்கினார்கள். எரிவாயு கசிந்து வெடித்துப் பரவிய தீயில் 167 பேர் இறந்தார்கள்.

கேஸ் வாசனை வந்தால்?

எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டுமே பொறியை உண்டாக்கும். முடிந்தால் வால்வை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே சென்ற பிறகே தொலைபேசியைத் தொடுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையிலும் பள்ளங்களிலும் தங்கும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது என்பதால் மேலே சேரும். கசிவு உணரியை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதை இதைப் பொறுத்தே முடிவுசெய்ய வேண்டும்.

உடையில் தீப்பிடித்தாலோ, தீப்புண் ஏற்பட்டாலோ?

ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். புண்ணை, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய், மை எதையும் தடவக் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரத்தை வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்ட புண்ணுக்கும், மின்சாரமோ வேதிப்பொருளோ உண்டாக்கிய புண்ணுக்கும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். புகையை இழுத்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒத்திகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நடத்துவது?

சட்டம் ஆண்டுக்கு ஒன்று போதும் என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒன்று நடத்துவது நல்லது. இரவு ஷிஃப்ட் இருந்தால் அவர்களுக்கும் தனியாக நடத்த வேண்டும். எண்ணிக்கையைவிட நடத்தும் முறை முக்கியம். மனிதர்கள் ஆபத்தில் தாம் உள்ளே வந்த வழியிலேயே திரும்பிப் போக முனைகிறார்கள். பக்கத்திலேயே அவசரக் கதவு இருந்தாலும் பழகாத கதவை நாடுவதில்லை. ஆகவே ஒத்திகையில் முதன்மை வாயிலை வேண்டுமென்றே அடைத்து, ‘இந்த வழி புகையால் மூடப்பட்டது’ என்று ஒருவரை நிறுத்தி வையுங்கள். எல்லோரும் மற்ற வழியில் ஒருமுறையேனும் கால்வைத்து இறங்கட்டும். நிர்வாக இயக்குநரும் இறங்க வேண்டும். அவர் அறையிலேயே இருந்துவிட்டால் மற்றவர்கள் அடுத்த முறை அவரைப் பார்த்து அமர்ந்திருப்பார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தக் கதவு இறுகியிருந்தது, யாருக்கு மணி கேட்கவில்லை என்பதை அன்றே எழுதி, சரிசெய்யும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒப்படையுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஐந்தே பேர். எங்களுக்கும் திட்டம் தேவையா?

தேவை. ஆனால் ஒரு பக்கம் போதும். இரண்டு வெளியேறும் வழிகள், மின்சாரத்தை நிறுத்தும் இடம், கருவி இருக்கும் இடம், கூடும் இடம், அழைக்க வேண்டிய எண், யார் யாரைப் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஒரே கட்டடத்தில் உள்ள மற்ற நிறுவனங்களோடும் பேசிவிடுங்கள். கீழ்த்தளக் கிடங்கில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது மேல்தளத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீ அணைந்தபின் எப்போது உள்ளே போகலாம்?

தீயணைப்பு அதிகாரி அனுமதித்த பிறகுதான். மணி ஓய்ந்ததை அனுமதியாகக் கொள்ளக் கூடாது. மறைவான இடங்களில் தணல் இருக்கலாம். நச்சு வாயு தேங்கியிருக்கலாம். 550 டிகிரி செல்சியஸ் அளவில் எஃகு தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழப்பதால், வெளியில் உறுதியாகத் தெரியும் கட்டடமும் உள்ளே தளர்ந்திருக்கலாம். 1993 மே மாதம் தாய்லாந்தின் கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் 188 பேர் இறந்தார்கள். அங்கே தீக்காப்புப் பூச்சு இல்லாத எஃகுத் தூண்கள் தீத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வளைந்து கட்டடம் சரிந்தது. அனுமதி கிடைத்த பிறகும், நனைந்த மின்சுற்றுகளை மின்பணியாளர் சோதித்துச் சான்று தரும்வரை மின்சாரத்தை இணைக்காதீர்கள். பயன்படுத்திய தீயணைப்பான்களை, சிறிதளவே செலவாகியிருந்தாலும், மீண்டும் நிரப்ப அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மாற்றுக் கருவிகளை வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.